ஊருக்கு டாக்டர் இல்லை, உனக்கு இடமில்லை

டென்டன் க்ரீக், மிசௌரி
மார்ச் 23, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள எல்லிஸ்,

எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகமா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது, ஏனென்றால் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து நீ போனை எடுக்கவில்லை, நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததாகவும் தெரியவில்லை. அதனால்தான் கடிதம். காகிதத்தில் எழுதி உறையில் போட்டு அனுப்பினால் பிரிக்காமல் போட உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை. இங்கே குளிர் விட்டுவிட்டது, ஆனால் மழை விடவில்லை, கொட்டகை முழுக்கச் சேறு, இந்த வாரம் மட்டும் ஏழு கன்றுகள் பிறந்தன, ஒன்று தங்கவில்லை. சர்ச்சில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் வாய் நிறையப் பதில் சொன்னேன், இன்றைக்குப் போகவேயில்லை.

எந்த ஆஸ்பத்திரியிலாவது உனக்குப் பயிற்சி இடம் கிடைத்ததா இல்லையா என்பது திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தெரிந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்நேரம் நான் வழக்கம்போல வேனில் நோயாளிகள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, அதனால் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டினேன். டேங்க் நிறையத்தான் இருந்தது. டயாலிசிஸுக்கு வருகிற ஓர்வில் டீக் சும்மா இருப்பாரா, “பெட்ரோலும் போடல, இறங்கவும் இல்ல, என்ன ரோண்டா, எங்களுக்கெல்லாம் காப்பி வாங்கித் தரப்போறியா?” என்று பின்னாலிருந்து கேட்டார். அப்போதுதான் உன் செய்தி வந்தது. “கிடைக்கலம்மா” என்று அந்த ஒரு வார்த்தை. நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு வண்டியை எடுத்தேன். மீதி இருபத்தெட்டு மைல் எப்படி ஓட்டினேன் என்று தெரியாது, ஓர்வில் மட்டும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அவர் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இனி அப்பா பேசியதைப் பற்றி எழுத வேண்டும், சுற்றி வளைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது நான் ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. அவர் அப்போதுதான் செத்த கன்றை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார், கையைக்கூடக் கழுவவில்லை. நீ சொல்லி முடிப்பதற்குள், “அப்பவே சொன்னேன், மத்த டாக்டருங்க படிக்கிற மாதிரி எம்.டி. படின்னு. இந்த முதுகு தட்டுற படிப்பு வேணாம்னு சொன்னேன், கேட்டியா?” என்றார். “சரிப்பா” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நீ திருப்பிக் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எல்லிஸ், எம்.டி. படி என்று அவர் அதற்கு முன் உன்னிடம் சொன்னதே கிடையாது, எனக்குத் தெரிந்து சொன்னதே கிடையாது, அந்த நிமிஷம் அவர் வாயில் வந்த பொய் அது. அவருடைய முதுகைத் தட்டி எழுப்பி நடக்க வைத்ததே அந்த ஆஸ்டியோபதிப் படிப்புதானே. வைக்கோல் கட்டு சரிந்து விழுந்து ஆறு வாரம் அவர் சமையலறைத் தரையில் படுத்துக் கிடந்ததும், அந்த டாக்டர் லன்ட் அம்மா அவர் முதுகெலும்பை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே எதையோ தேடி, அப்படித் திருப்பி இப்படி அழுத்தி, அவர் எழுந்து உட்கார்ந்ததும் எனக்கு மறக்குமா? உனக்குப் பதினைந்து வயது. திரும்பி வரும்போது காரில், “அம்மா, அவங்க மருந்தும் எழுதுறாங்க, ஊசியும் போடுறாங்க, ஆபரேஷன்கூடச் செய்யலாமாம், அதுக்கு மேல கையையும் வைக்கிறாங்க. நான் அந்த மாதிரி டாக்டராகணும்” என்று சொன்னாய். அப்பா முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஊரில் யாராவது ஆஸ்டியோபதி என்றால் அரை டாக்டர்தானே என்று கேட்டால் சண்டைக்குப் போனதும் அவர்தான். அப்படிப்பட்டவர் உன்னிடம் இப்படிப் பேசினார். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சில பேருக்குத் துக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்களை அடிக்கத்தான் கை போகும்.

செவ்வாயும் புதனும் உனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாவது சுற்று என்று ஒன்று இருக்கிறது, மிச்சமிருக்கும் இடங்களுக்கு வியாழன் வரை ஆள் எடுப்பார்கள் என்று போன வருஷமே நீ சொல்லியிருந்தாய், அதில் முயற்சி செய்கிறாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சும்மா இருக்க முடியாமல் வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன். உனக்குக் கோபம் வரும். வேறு யார் வாயாலும் நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அன்றைய ஆட்களை டயாலிசிஸில் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று, அதே ஆஸ்பத்திரியில் மாடியில் நிர்வாகம் பார்க்கிற கோலீன் வாட்கின்ஸ் அறைக்குப் போனேன். வேன் ஓட்டுகிற யூனிபார்மோடுதான் போனேன். நீ முன்பு முடித்த பட்டப்படிப்பின் சான்றிதழ் நகல், நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுக் காகிதங்கள்கூட ஒரு பையில் இருந்தன, அவற்றை எதற்கு எடுத்துப் போனேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. “என் பையன் டாக்டருக்குப் படிச்சு முடிக்கிறான். உங்ககிட்ட ரெண்டு வருஷமா ஒரு டாக்டர் இடம் காலியா இருக்குன்னு வாசல்ல ஒட்டியிருக்கு. தினமும் அதைப் பார்த்துட்டுத்தான் போறேன். அவனை எடுத்துக்கோங்க” என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். “ரோண்டா, அவன் படிப்பு மே மாசம் முடியும். ஆனா மூணு வருஷம் ஒரு பயிற்சி ஆஸ்பத்திரில வேலை பார்த்தாத்தான் தனியா வைத்தியம் பண்ண விடுவாங்க. அந்தப் பயிற்சி கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்ல. டாக்டரைத் தேடி நான் எல்லா இடத்துக்கும் எழுதுறேன். உங்க பையனைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வரணும்னுதான் எனக்கும் ஆசை. என்னால முடியாது” என்றார். பிறகு மெதுவாக, “ஏதாவது பரீட்சைல தவறியிருக்கானா? பெரும்பாலும் அதுதான் காரணமா இருக்கும். திரும்ப எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாலும் முதல் தடவை தவறினது மார்க் தாள்ல இருந்துக்கிட்டே இருக்கும், சில இடத்துல அதைப் பார்த்ததுமே ஒதுக்கிடுவாங்க” என்றார். என் மகன் எதிலும் தவறியதில்லை என்று நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் உன் அறைத்தோழன் டேரியஸுக்குப் போன் செய்தேன். நீ முதல் வருஷம் கொடுத்துவைத்த நம்பர். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், சாப்பிடுகிறாய், பகலெல்லாம் ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு இருட்டுவதற்கு முன் வந்துவிடுகிறாய் என்றான். இரண்டாவது சுற்றிலும் எதுவும் வரவில்லை என்றான். அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், எந்த ஊர் என்பது மறுநாள்தான் தெரியுமாம், அதைச் சொல்லும்போது ஏதோ திருட்டுப் பொருளை வைத்திருப்பவன் மாதிரி குரல் இறங்கிவிட்டது. பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். “உங்களுக்குத் தெரியாதா மிசஸ் ப்ரூயிட்? டாக்டர் லைசென்ஸுக்கு எழுதுற ரெண்டாவது போர்டு பரீட்சை, ஜூன்ல தவறிட்டான். ஊர்லேர்ந்து திரும்பி வந்த நாலாவது நாள் எழுதினான். தள்ளி வைடான்னு நாங்க எல்லாரும் சொன்னோம், தேதி கிடைக்கலன்னான்” என்றான்.

ஜூன். எல்லிஸ், நான் அந்தப் பெட்ரோல் பங்க்கிலேயே மறுபடியும் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் விரலை வைத்து நாட்களை எண்ணினேன். போன வருஷம் மே பத்தாம் தேதி எனக்கு வயிற்றுக் கட்டியை எடுத்தார்கள். பதினொன்றாம் தேதி நீ வந்தாய். ஐந்து வாரம் இருந்தாய். காலையும் மாலையும் கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்துப் புதுக் கட்டுப் போட்டாய், என்னைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடத்தினாய், கோழி சூப் வைத்து அதில் உப்புப் போட மறந்தாய், நான் தூங்கும்போது நீ படித்திருப்பாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பரீட்சை என்னடா ஆச்சு என்று ஒரு நாள் கேட்டேன், “தள்ளி வெச்சுட்டேன்மா, ஒண்ணும் அவசரமில்ல, நீ வாயைத் திற, மாத்திரையைப் போடு” என்றாய். நானும் வாயைத் திறந்தேன். கூட இரண்டு வாரம் இரு என்று கேட்டதும் நான்தான். நீ மூன்று வாரத்திலேயே கிளம்புகிறேன் என்றுதான் சொன்னாய், நான் அழுதேன், நீ பெட்டியைத் திரும்பப் பிரித்தாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ பதறிப்போய் அது காரணமில்லை என்பாய், நன்றி சொல்வதென்றால் எந்த வார்த்தையை வைத்துச் சொல்வது, அந்த ஐந்து வாரத்தை எடுத்து உன் கையில் திருப்பித் தரவும் என்னால் முடியாது. என் வயிற்றில் தழும்பு ஆறிவிட்டது. உன் தாளில் அது ஆறாதாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்றவள் மலையைப் புரட்டுவாள் என்று சொல்வார்கள், எந்த மலை, எந்தப் பக்கம் கை வைப்பது என்று காட்டக்கூட ஒருவருமில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன், ஆனால் தெரியாமல் அவர் உன்மேல் கோபத்தோடு இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முட்டையைத் தின்றுகொண்டிருந்தார். முள்கரண்டியை வைத்துவிட்டார். “எந்த ஜூன்?” என்று கேட்டார். போன ஜூன் என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு மழையில் வேலிப் பக்கம் போய்விட்டார், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை, ரொட்டிக்கு நடுவில் பன்றி இறைச்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அதை நாய் தின்றது.

அன்றைக்குத்தான் இடம் கிடைத்த உங்கள் ஆட்கள் எல்லோரும் எந்த ஊர் என்று உறையைப் பிரித்துப் பார்த்துக் கொண்டாடுகிற நாள், நான் மறக்கவில்லை. நான் மறந்திருந்தாலும் வேனில் இருப்பவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். தெல்மா ஸ்நீட் ஒரு மாதத்துக்கு முன்பே கேக்குக்குச் சொல்லிவைத்திருந்தாள், வெள்ளை க்ரீமில் நீல எழுத்தில் டாக்டர் எல்லிஸ் என்று எழுதி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நின்றாள். நான் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்லிவிட்டேன். ஓர்வில்தான் முதலில், “நாலு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் நாப்பத்தஞ்சு மைல் போய்ட்டு வர்றேன். எதுக்கு? இங்க டாக்டர் இல்ல. படிச்ச பையன் வர்றேங்கிறான், அவனுக்கு இடமில்லையாம். இதுல எங்கேயோ கணக்கு இடிக்குதே, யாராவது எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்களேன்” என்றார். பிறகு அவரே, “அவன் படிச்சு முடிச்சானா இல்லையா? முடிக்கிறான்ல? அப்ப கேக்கை வெட்டு தெல்மா. நான்தான் திங்கக் கூடாது, நீங்க தின்னுங்க, நான் பார்க்கிறேன்” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் காகிதத் தட்டில் வைத்துத் தின்றோம். உன் பங்கு என்று தெல்மா ஒரு துண்டைப் பொட்டலம் கட்டித் தந்திருக்கிறாள், உறைய வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். கோலீன் அம்மா வெள்ளிக்கிழமை என்னை வேனருகே வந்து பார்த்து ஒரு காகிதம் கொடுத்தார். இடம் கிடைக்காத டாக்டர்களுக்கு நம் மாநிலத்தில் தனியாக ஓர் உரிமம் இருக்கிறதாம், டாக்டர் இல்லாத ஊர்களில் இன்னொரு டாக்டரின் கண்காணிப்பில் வேலை பார்க்கலாமாம். அடுத்த வருஷம் மறுபடியும் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம், அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்றார். டேரியஸிடம் கேட்டேன், சிலர் அதை நல்லது என்கிறார்கள், சிலர் அதில் போய்விட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வாய் என்கிறார்கள் என்றான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. நீ வீட்டுக்கு வர வேண்டும் என்ற ஆசையில் நான் எதைச் சொன்னாலும் அதில் என் சுயநலம் கலந்துவிடும், ஏற்கனவே ஒரு தடவை அழுது உன்னை நிறுத்தியவள் நான். அதனால் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படி, கிழித்துப் போடு, உன் இஷ்டம். இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றினாலும் அதையும் என்னிடம் சொல்லலாம். ஆனால் ஆற்றங்கரைக்குத் தனியாகப் போகாதே. டேரியஸையோ யாரையோ கூட்டிக்கொண்டு போ. இது ஒன்றை மட்டும் அம்மாவாக உத்தரவு போடுகிறேன்.

உண்மையில் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத வைத்தது இன்று காலை நடந்ததுதான். ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அப்பா பிக்கப்பில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து சீட்டில் ஒரு பை, காப்பிக் குடுவை, இடுப்புக்குக் கீழே வைக்கிற தலையணை. எங்கே என்று கேட்டேன். “அவன்கிட்ட” என்றார். மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறாராம், இரண்டு வாரத்துக்கு அவர் பார்த்துக்கொள்வாராம். கன்று போடுகிற காலத்தில் கல்யாணத்துக்குக்கூடப் போகாத மனிதர். கேன்சஸ் சிட்டியைத் தாண்டி மேற்கே ஒரு தடவைகூட வண்டி ஓட்டியதில்லை, நீ இருக்கிற இடம் ஆயிரத்து எண்ணூறு மைல், நடுவில் மலை, மலையில் பனி. போனில் பேசுங்களேன் என்று கெஞ்சினேன். “பேசத் தெரிஞ்சிருந்தா திங்கக்கிழமையே ஒழுங்காப் பேசியிருப்பேன் ரோண்டா” என்றார். அங்கே போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். “தெரியல” என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் ராத்திரி உடையோடு சேற்றில் நின்றேன். தடுக்கவும் முடியவில்லை, கூடப் போகவும் முடியவில்லை, நாளைக் காலை ஓர்வில் வாசலில் காத்திருப்பார், அவரை நான் கொண்டுபோகாவிட்டால் வேறு யாருமில்லை.

அதனால் எல்லிஸ், அவர் வந்து கதவைத் தட்டினால் திற. நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உனக்கும் அவருக்கும் உள்ளது. சோபாவில் படுக்க வைக்காதே, தரையில் கெட்டியாக ஏதாவது விரித்துக் கொடு. முதல் நாள் அவர் ஒன்றும் பேச மாட்டார், உன் கார் டயரைப் பார்ப்பார், குழாய் ஒழுகினால் சரி செய்வார், அதற்கெல்லாம் பொறுமையாக இரு. இந்தக் கடிதத்தை நாளைக் காலை விரைவுத் தபாலில் போடுகிறேன், அவர் முந்துகிறாரோ இது முந்துகிறதோ தெரியாது. இரண்டில் எது முதலில் வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, ‘வந்தாச்சு’ என்று போட்டால் போதும்.

கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருக்கட்டும். உன் தூக்கத்தைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, காலில் ஈரத்தோடு நிற்காதே.

எப்போதும் உன் அம்மா,
ரோண்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா நெப்ராஸ்காவில் ஒரு லாரி நிறுத்தத்திலிருந்து கூப்பிட்டார். வழியில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறிக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லையாம். கொஞ்ச நேரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஊர் பேர் தெரியும். நாலு வருஷமா இருக்கான், அவன் எந்தத் தெருவுல இருக்கான்னு நான் கேட்டதே இல்ல” என்றார். தெருவும் வீட்டு எண்ணும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். முடித்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை, லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.